ஒரே மைதானம், இரண்டு முதலாளிகள்

கேள்வி இதுதான்: தொழில்முறைக் கால்பந்தில் ஓர் அணியின் வெற்றி தோல்வியை அதன் உரிமையாளரின் தலைக்கனமும் முடிவுகளும் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? பணத்தைக் கொட்டுபவருக்குத் தன் அணியில் தன் விருப்பம்போல முடிவெடுக்கும் உரிமை கூடவா இல்லை என்றும் சேர்த்துக் கேட்கப்பட்டிருக்கிறது.

உரிமை இருக்கிறது, அதில் ஐயமில்லை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் சமையலுக்குப் பணம் கொடுப்பவர் பெண்ணின் தகப்பனார்தான். எத்தனை பேருக்குப் பந்தி, என்னென்ன பலகாரம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டியவை. ஆனால் கொதிக்கும் சாம்பார் அண்டாவில் அவரே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டால், தலைமைச் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். முந்நூறு பேர் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கால்பந்து அணிகளில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். உரிமையாளருக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே நிர்வாகக் குழுத் தலைவர், நிர்வாக இயக்குநர், வீரர்களைத் தேடிப் பிடிப்பவர்கள், ஆட்டத்துக்கு அணியைத் தேர்ந்து நடத்தும் மேலாளர் என்று ஒரு வரிசை இருக்கிறது. உரிமையாளருக்கு எவ்வளவு தலைக்கனம் இருந்தாலும், அந்த வரிசை உயிரோடு இருக்கும்வரை அணி தாங்கும் என்பதும், அந்த வரிசையை அவர் வெட்டிவிட்டுத் தாமே நேரடியாக அடுப்பருகே போகும்போது அணி சரியத் தொடங்கும் என்பதும் நான் இந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்த அளவில் எட்டிய முடிவு. இதைக் காட்ட எத்தனையோ அணிகள் உண்டென்றாலும், ஒரே அணியில் இரண்டு விதமாகவும் நடந்து பார்த்த இடம் ஒன்று இருப்பதால் அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். அது இங்கிலாந்தின் வடமேற்கே, பருத்தி நெசவு ஆலைகளால் வளர்ந்து பின்னர் அவற்றை இழந்த பிளாக்பர்ன் என்னும் நடுத்தர ஊரின் அணியான பிளாக்பர்ன் ரோவர்ஸ்.

1875இல் தொடங்கப்பட்ட இந்த அணி, 1888இல் ஆங்கிலக் கால்பந்து லீக்கை உருவாக்கிய பன்னிரண்டு அணிகளுள் ஒன்று. 1912இலும் 1914இலும் லீக் பட்டத்தை வென்றதோடு அதன் பெருமை ஏறக்குறைய முடிந்துபோயிற்று. ஆங்கிலக் கால்பந்தில் பட்டியலின் அடியில் பருவத்தை முடிக்கும் அணிகள் அடுத்த பருவம் கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கப்படும்; அப்படி 1966இல் முதல் பிரிவிலிருந்து இறங்கியபின் கால் நூற்றாண்டாகக் கீழ்ப் பிரிவுகளிலேயே கிடந்தது. அந்நிலையில் 1991 ஜனவரியில் அணியின் முழுக் கட்டுப்பாட்டையும் ஏற்றவர் ஜாக் வாக்கர். அதே ஊரில் பிறந்து, தகப்பனார் தொடங்கிய சிறிய தகரப் பட்டறையை நாட்டின் பெரிய எஃகு வணிகங்களுள் ஒன்றாக வளர்த்து, அதைப் பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்துக்கு சுமார் 33 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு வந்தவர். சிறுவயதிலிருந்தே அந்த அணியின் ரசிகர்.

வாக்கருக்குத் தலைக்கனம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் பிரிவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஓர் அணியை வாங்கிவிட்டு மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்துவேன் என்று நினைப்பவருக்கு அடக்கம் என்ற சொல் பொருந்தாது. மேலாளரை நீக்குவதிலும் அவர் தயங்கவில்லை. வந்த முதல் ஆண்டிலேயே, 1991 செப்டம்பரில், அப்போதிருந்த மேலாளரை அனுப்பிவிட்டார். அவரை வேறுபடுத்தியது அதற்கடுத்த செயல். லிவர்பூல் அணியின் மேலாளராகப் பட்டங்கள் வென்று, அவ்வாண்டு பிப்ரவரியில் மன அழுத்தத்தால் பதவி விலகியிருந்த கென்னி டால்கிலீஷைத் தேடிப் பிடித்து, ஓர் இரண்டாம் பிரிவு அணிக்கு வரச் சம்மதிக்க வைத்தார். அதன்பிறகு யாரை வாங்குவது, யாரை ஆட வைப்பது என்பவற்றை டால்கிலீஷும் அவருடைய துணைவர் ரே ஹார்ஃபோர்டும் சொன்னார்கள். வாக்கர் காசோலையில் கையெழுத்திட்டார்.

1992இல் வெம்ப்லியில் நடந்த, மேற்பிரிவுக்கு ஏறுவதற்கான தகுதி இறுதியாட்டத்தில் லெஸ்டர் சிட்டியை 1-0 என வென்று, முதல் பிரிவுக்குப் பதிலாகப் புதிதாகத் தொடங்கவிருந்த பிரிமியர் லீக்குக்குள் நுழைந்தார்கள். அதே கோடையில் சௌதாம்ப்டனிலிருந்து ஆலன் ஷியரரை 36 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது அது பிரிட்டனில் ஒரு வீரருக்குக் கொடுக்கப்பட்ட மிக உயர்ந்த தொகை. 1994இல் கிறிஸ் சட்டனுக்கு 50 லட்சம் கொடுத்து அதையும் தாண்டினார்கள். 1994-95 பருவத்தில் ஷியரர் மட்டும் லீக்கில் 34 கோல்கள் அடித்தார். அணியின் சொந்த மைதானமான ஈவுட் பார்க்கின் பழைய பார்வையாளர் மாடங்கள் இடிக்கப்பட்டு, முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. நகருக்கு வெளியே பயிற்சி மையமும் இளையோர் பள்ளியும் கட்டப்பட்டன. பட்டத்தைப் பணத்தால் வாங்கினார்கள் என்று அன்று பலரும் எள்ளினார்கள். அந்த எள்ளல் பாதிதான் உண்மை. அதே ஆண்டுகளில் அதற்கு இணையாகச் செலவழித்துவிட்டு ஒன்றும் வெல்லாத அணிகளும் இருந்தன. வாக்கரின் பணம், எந்த வீரர் எந்த இடத்துக்குப் பொருந்துவார் என்று தெரிந்த ஒருவரின் கை வழியாகப் போயிற்று.

1995 மே 14ஆம் நாளை நேரலையில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பருவத்தின் கடைசி ஆட்டம். இடம் லிவர்பூல் அணியின் மைதானமான ஆன்ஃபீல்ட், டால்கிலீஷின் பழைய வீடு. இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்த யுனைடெட், லண்டனில் வெஸ்ட் ஹாமுடன் ஆடிக்கொண்டிருந்தது. ஷியரர் முதலில் கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் லிவர்பூலின் ஜான் பார்ன்ஸ் சமன் செய்தார். ஆட்டம் முடியும் வேளையில் ஜேமி ரெட்நாப் அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போய் பிளாக்பர்ன் 2-1 எனத் தோற்றது. கோல் விழுந்த அதே நேரத்தில், வெஸ்ட் ஹாமில் யுனைடெட் 1-1 என்ற சமனைத் தாண்ட முடியாமல் முடித்துக்கொண்டது என்ற செய்தி மாடங்களில் பரவியது. தோற்ற அணியின் வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதிக்க, வென்ற அணியின் ரசிகர்களும் யுனைடெட்டுக்குப் பட்டம் கிடைக்கவில்லையே என்ற மகிழ்ச்சியில் கூடவே ஆர்ப்பரித்தார்கள். 89க்கு 88 என்ற ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 81 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் பிளாக்பர்னுக்கு வந்தது.

வாக்கரைத் தெய்வமாக்கி இந்தக் கதையைச் சொல்வதுண்டு. அவருடைய மிகப் பெரிய பிழை அந்த நாளுக்கு அடுத்த கோடையில் நிகழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டால்கிலீஷ் கால்பந்து இயக்குநர் என்ற பெயரில் மேலே நகர்த்தப்பட்டார், ஹார்ஃபோர்ட் மேலாளரானார். பட்டம் வென்ற அணியில் புதிதாகச் சேர்க்க என்ன இருக்கிறது என்ற மனநிறைவில் பெரிய வீரர் யாரும் வாங்கப்படவில்லை. அப்போது பிரான்சில் ஆடிக்கொண்டிருந்த ஜினெதின் ஜிதானை வாங்கும் யோசனை வந்தபோது, நம்மிடம்தான் டிம் ஷெர்வுட் இருக்கிறாரே என்று வாக்கர் கேட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அது நடந்ததோ இல்லையோ, அந்தக் கோடையின் மனநிலைக்கு அது சரியான படம். ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கில் தங்கள் குழுவில் கடைசி இடம். மாஸ்கோவில் நடந்த ஆட்டத்தில் சொந்த அணியைச் சேர்ந்த இருவரே களத்தில் கைகலந்தார்கள். 1996இல் ஷியரர் 1.5 கோடி பவுண்டு என்ற அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு நியூகாஸிலுக்குப் போனார். 1999 மே மாதம், பட்டம் வென்ற நான்கே ஆண்டில், அணி தரமிறங்கியது. வாக்கர் 2000 ஆகஸ்டில் காலமானார். அடுத்த ஆண்டே மேலே ஏறிவந்த அணி, 2002இல் லீக் கோப்பையையும் வென்றது. அதற்குப் பின் 2010 வரை வாக்கருடைய குடும்ப அறக்கட்டளையின் பொறுப்பில், அனுபவமுள்ள தலைவர் ஜான் வில்லியம்ஸின் நிர்வாகத்தில், பெரிய செலவில்லாமல் பிரிமியர் லீக்கில் நிலைத்து நின்றது. நூறாயிரத்துச் சொச்சம் மக்கள் கொண்ட ஊருக்கு அது சிறிய சாதனையன்று.

2010 நவம்பரில் இந்த அணியை வாங்கியவர்கள் நம் நாட்டவர்கள். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட வெங்கீஸ் கோழி நிறுவனக் குடும்பம். பி. வி. ராவ் தொடங்கிய அந்தத் தொழிலை அப்போது நடத்திவந்தவர்கள் அவருடைய மகள் அனுராதா தேசாயும் மகன்கள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவும். சுமார் 2.3 கோடி பவுண்டு விலை; அதோடு அணியின் கடனையும் ஏற்றுக்கொண்டார்கள். முட்டைக் கடையிலும் கோழிக் கடையிலும் பார்த்துப் பழகிய பெயர் பிரிமியர் லீக் அணியொன்றின் உரிமையாளராகத் தொலைக்காட்சியில் தெரிந்தபோது, என்னைப் போன்ற இந்திய ரசிகர்களுக்குக் கொஞ்சம் பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெருமிதம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

2010 டிசம்பர் 13 அன்று மேலாளர் சாம் அல்லார்டைஸ் நீக்கப்பட்டார். அணி அப்போது பதின்மூன்றாம் இடத்தில் இருந்தது. அல்லார்டைஸின் ஆட்டம் கண்ணுக்கு அழகில்லை என்பது உண்மை. நீண்ட உதை, உயரமான வீரர்கள், முட்டிமோதல் என்று அவர் ஆடவைத்த விதத்தை நானும் ரசித்ததில்லை. ஆனால் சிறிய வருமானமுள்ள அணியைத் தரமிறங்காமல் காப்பதில் அந்நாட்களில் அவரைப் போல் கைதேர்ந்தவர் வெகு சிலரே. புதிய உரிமையாளர்கள் அழகிய ஆட்டத்தையும் மேலிடத்து நிலையையும் விரும்பினார்கள். ரொனால்டினோ, பெக்காம் போன்ற பெயர்கள்கூட அப்போது வெளிப்படையாக அடிபட்டன. அல்லார்டைஸின் இடத்துக்கு, அதுவரை எந்த அணிக்கும் தலைமை மேலாளராக இருந்திராத, பயிற்சிக் குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் கீன் உயர்த்தப்பட்டார். 2011 பிப்ரவரியில் ஜான் வில்லியம்ஸ் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவரோடு அந்த அணியை நடத்திய மற்ற மூத்த நிர்வாகிகளும் அடுத்தடுத்துக் கிளம்பினார்கள். கோழி வணிகத்தை நன்றாக அறிந்த ஒரு குடும்பம், கால்பந்து வணிகத்தை அறிந்த ஒரே கூட்டத்தை இழந்து நின்றது. அந்த வெற்றிடத்தில் வெளியிலிருந்த முகவர்களின் ஆலோசனை புகுந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, இது ஏன் இவ்வளவு தீங்காகிறது என்று சொல்ல வேண்டும். வேறு தொழிலில் வென்ற ஒருவருக்குத் தன் தீர்ப்பின் மீது நம்பிக்கை வருவது இயல்பு. ஒரு பண்ணை சரியாக ஓடாவிட்டால் மேலாளரை மாற்றுவார், தீவனத்தை மாற்றுவார், மூன்று மாதத்தில் பலன் தெரியும். கால்பந்தில் வீரர் வாங்கும் கதவு ஆண்டுக்கு இரண்டு முறைதான் திறக்கிறது: கோடையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை. தவறாக வாங்கிய வீரருக்கு மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தம்; ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், வேலையை விட்டு நீக்கவும் முடியாது. இருபத்தைந்து வீரர்களையும் மாற்ற முடியாத உரிமையாளர், தம்மால் மாற்ற முடிந்த ஒரே ஆளான மேலாளரை மாற்றுகிறார். புதியவர் தமக்கேற்ற வேறு வகை வீரர்களைக் கேட்கிறார். பழையவர் கேட்டு வாங்கியவர்கள் கூடுதல் சுமையாகத் தங்கிவிடுகிறார்கள். இந்தச் சுழலில் அணியின் சம்பளப் பட்டியல் வீங்குகிறது, தரமோ குறைகிறது. மேலும், உரிமையாளரே நேரடியாக முடிவெடுப்பார் என்ற செய்தி சந்தையில் பரவியதும், முகவர்களுக்கு வேலை எளிதாகிவிடுகிறது. ஒரு வீரரைப் பத்து ஆட்டங்களில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தவரை ஏமாற்றுவது கடினம். கால்பந்தை விருந்தினர் மாடத்திலிருந்து மட்டும் பார்த்தவரின் காதைப் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை.

பிளாக்பர்னில் 2010-11 பருவம் கடைசி நாள் வெற்றியால் தப்பியது. அந்தக் கோடையில் அணியின் சிறந்த இளம் தடுப்பாட்டக்காரர் ஃபில் ஜோன்ஸ் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அடுத்த பருவத்தில் ரசிகர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் கீனை விலக்கச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். மேலாளர்களை எளிதாக நீக்கும் உரிமையாளர்களைப் பற்றிப் பேசும்போது இது ஒரு விசித்திரம்: பதின்மூன்றாம் இடத்தில் இருந்தவரை ஒரே மாதத்தில் அனுப்பியவர்கள், தரமிறக்கப் பகுதியில் கிடந்தவரை அசைக்கவே இல்லை. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. முந்தையவர் பிறர் தேர்வு. பிந்தையவர் தங்கள் தேர்வு. தங்கள் தேர்வைத் தவறென்று ஒப்புக்கொள்வதற்கு வேறு வகைத் துணிவு வேண்டும். இதற்கிடையே 2011இல், வீரர்கள் உடைமாற்றும் அறையில் ஆட்டத்துக்கு முன் கோழிக்கால் கடித்துக்கொண்டிருப்பது போன்ற விளம்பரம் ஒன்றும் வெளிவந்தது.

2012 மே 7, திங்கள் இரவு, கொட்டும் மழை. ஈவுட் பார்க்கில் விகான் அணியுடன் ஆட்டம், தோற்றால் தரமிறக்கம். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் யாரோ ஒரு ரசிகர் அணிக்கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றைக் களத்தில் விட்டார். நனைந்த புல்லில் அது அங்குமிங்கும் ஓடியது, ஆட்டம் நின்றது, பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். ஆட்ட முடிவுக்குச் சில நிமிடங்கள் இருந்தபோது விகானின் அல்கராஸ் தலையால் முட்டி அடித்த ஒரே கோலில் பிளாக்பர்ன் வீழ்ந்தது. பதினோரு ஆண்டுகளாக இருந்த பிரிமியர் லீக்கை விட்டுக் கீழே இறங்கியது. இன்றுவரை மேலே திரும்பவில்லை.

அதற்குப் பின் நடந்த ஒன்று, நடுவரிசை இல்லாத அணி எப்படி இருக்கும் என்பதற்கு நான் அறிந்த மிகத் துல்லியமான சான்று. 2012 செப்டம்பரில் கீன் விலகினார். அக்டோபர் இறுதியில் மேலாளராக வந்தவர் ஹென்னிங் பெர்க். 1995இல் பட்டம் வென்ற அணியின் தடுப்பாட்டக்காரர். 57 நாளில், பத்து ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்ற நிலையில், அவர் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி தமக்குச் சேர வேண்டிய சுமார் 22.5 லட்சம் பவுண்டைக் கேட்டு அவர் நீதிமன்றம் போனார். தொகை தர வேண்டியதுதான் என்று முதலில் ஒப்புக்கொண்ட கிளப், பின்னர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற முயன்றது. காரணம்? அத்தகைய ஒப்பந்தத்தைச் செய்ய அணியின் நிர்வாக இயக்குநருக்கே அதிகாரம் இருக்கவில்லையாம். நீதிமன்றம் ஏற்கவில்லை, பெர்க் வென்றார். ஓர் அணி, தன் சார்பில் மேலாளரை நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைப் பற்றித் தன் நிர்வாக இயக்குநருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் வாதிட்டது! உரிமையாளர்கள் புனேயில், நிர்வாக இயக்குநர் ஒருபுறம், மலேசியாவின் முன்னாள் வீரரும் தொலைக்காட்சி விமர்சகருமான ஒருவர் உலக ஆலோசகர் என்ற பெயரில் இன்னொருபுறம். பெர்க்குக்கு அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாளில் அனுப்பப்பட்டார்.

இது வெளிநாட்டு உரிமையாளர்களுக்கே உரிய நோய் என்றோ, ஒரு குடும்பத்தின் குறை என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வேல்ஸில் கார்டிஃப் சிட்டி அணியை வாங்கிய மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான், நூறாண்டுக்கு மேல் நீலச் சட்டை அணிந்து நீலப்பறவைகள் என்றே அழைக்கப்பட்ட அணிக்கு 2012இல் சிவப்புச் சட்டை மாட்டினார். அணி மறு ஆண்டு பிரிமியர் லீக்குக்கு ஏறியது, 2013 டிசம்பரில் அந்த ஏற்றத்தைத் தந்த மேலாளரை நீக்கினார், 2014இல் இறங்கியது, 2015 ஜனவரியில் நீலம் திரும்பிவிட்டது. ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்தது இதைவிட வருத்தமானது. 2014இல் அதை வாங்கிய சிங்கப்பூர்ச் செல்வந்தர் பீட்டர் லிம், மேலாளர் அனுபவமே இல்லாத கேரி நெவிலை 2015 டிசம்பரில் நியமித்து நான்கு மாதத்துக்குள் அனுப்பினார். பின்னர் பொது இயக்குநர் மாத்தேயு அலெமானியும் மேலாளர் மார்செலினோவும் சேர்ந்து அணியை நிமிர்த்தினார்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து லீக்கில் நான்காம் இடம். 2019இல் பார்சிலோனாவை 2-1 என வென்று ஸ்பானிய மன்னர் கோப்பை. பதினொரு ஆண்டுக்குப் பிறகு கிடைத்த கோப்பை அது. அதே ஆண்டு செப்டம்பரில் மார்செலினோ நீக்கப்பட்டார். நவம்பரில் அலெமானியும் வெளியேறினார். தோல்விக்காக மேலாளரை நீக்குவதை எவரும் புரிந்துகொள்ளலாம். வெற்றியின் பெருமை தமக்கு வராமல் வேறொருவருக்குப் போகிறது என்பதற்காக நீக்குவதுபோல் தோன்றும் இத்தகைய முடிவுகளில்தான் தலைக்கனம் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது.

அந்த வகையில் உலகப் புகழ்பெற்றது அமெரிக்கக் கால்பந்தில் நடந்தது. ஆட்டம் வேறு, மனிதர்கள் ஒன்றுதான். 1989இல் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியை வாங்கிய ஜெரி ஜோன்ஸ், கல்லூரியில் தம்மோடு ஒரே அணியில் ஆடிய ஜிம்மி ஜான்சனைப் பயிற்சியாளராக்கினார். முதல் ஆண்டில் ஒரே ஒரு வெற்றி, பதினைந்து தோல்வி. 1993 ஜனவரியிலும் 1994 ஜனவரியிலும் அடுத்தடுத்து சூப்பர் பௌல் எனப்படும் லீக் இறுதியாட்டத்தில் வெற்றி. இதைக் கட்டியது யார் என்ற கேள்வியில் இருவருக்கும் பூசல் முற்றியது. 1994 மார்ச்சில் ஆர்லாண்டோவில் நடந்த லீக் கூட்டத்தின்போது, ஜான்சன் உட்கார்ந்திருந்த மேசைக்கு, வாழ்த்துச் சொல்ல மதுக்கிண்ணத்தை உயர்த்திக்கொண்டு வந்த ஜோன்ஸை அங்கிருந்தவர்கள் பொருட்படுத்தவில்லை. அன்றிரவு ஜோன்ஸ், இந்த வீரர்களை வைத்துக்கொண்டு ஐந்நூறு பயிற்சியாளர்கள் வென்றிருப்பார்கள் என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். அம்மாத இறுதியில் ஜான்சன் போய்விட்டார். அவர் சேர்த்த வீரர்களோடு 1996 ஜனவரியில் இன்னொரு சூப்பர் பௌல் கிடைத்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளாக அரையிறுதிக்கு ஒப்பான கட்டத்தைக்கூட அந்த அணி எட்டவில்லை. வீரர்களைத் தேர்வதற்கான பொது மேலாளர் பதவியையும் ஜோன்ஸ் இன்றுவரை தம்மிடமே வைத்திருக்கிறார். ஆனால் அங்கே தரமிறக்கம் கிடையாது, தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. எனவே உலகின் மிக விலையுயர்ந்த விளையாட்டு அணிகளின் பட்டியலில் முதலிடத்தில் அது சுகமாக அமர்ந்திருக்கிறது. ஆங்கிலக் கால்பந்தில் அதே குணத்துக்கு வீழ்ச்சிதான் தண்டனை.

அப்படியானால் மேலாளரை அடிக்கடி மாற்றாமல் இருப்பதே வழி என்று சொல்லிவிடலாமா? லண்டனின் செல்சி அணியின் கதை அதற்கு இடம் தருவதில்லை. 2003 முதல் 2022 வரை உரிமையாளராக இருந்த ரோமன் அப்ரமோவிச், மேலாளர்களைச் சட்டைபோல மாற்றினார்; ஆனாலும் ஐந்து பிரிமியர் லீக் பட்டங்களும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களும் வந்தன. அந்த இரண்டு ஐரோப்பிய வெற்றிகளும், 2012இலும் 2021இலும், பருவத்தின் நடுவே மேலாளரை மாற்றிய ஆண்டுகளிலேயே கிடைத்தன. அங்கே மேலாளர் மாறினாலும், வீரர் ஒப்பந்தங்களைப் பேசி முடித்த மரீனா கிரானோவ்ஸ்கயா உள்ளிட்ட நிர்வாகக் குழு மாறவில்லை. மூத்த வீரர்களின் கட்டுக்கோப்பும் கலையவில்லை. 2022இல் சுமார் 250 கோடி பவுண்டுக்கு அணி கைமாறியதும் கிரானோவ்ஸ்கயாவும் தலைவரும் ஆலோசகர் பீட்டர் செக்கும் ஒரே கோடையில் வெளியேறினார்கள். புதிய உரிமையாளர்களுள் ஒருவரான டாட் போலி, தலைவர் பதவியோடு இடைக்கால விளையாட்டு இயக்குநர் பொறுப்பையும் தாமே ஏற்றார். ஐரோப்பியச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த தாமஸ் டுகெலைச் செப்டம்பரில் நீக்கினார்கள். ஒரே பருவத்தில் 50 கோடி பவுண்டுக்கு மேல் வீரர்களுக்குச் செலவு. கிடைத்தது பன்னிரண்டாம் இடம். பிறகு முழுநேர விளையாட்டு இயக்குநர்கள் வந்தார்கள். 2025இல் கிளப் உலகக் கோப்பையும் வந்தது. பணமும் உரிமையாளர்களும் அதேதான்.

பிளாக்பர்னுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதன் உரிமையாளர்களைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அவர்கள் அணியைச் சுரண்டிவிட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் வரும் நட்டத்தை ஈடுகட்ட இதுவரை 20 கோடி பவுண்டுக்கு மேல் போட்டிருக்கிறார்கள். இளையோர் பள்ளியை உயர்தரத்திலேயே வைத்திருக்கிறார்கள். மேலும், 2017இல் அவர்கள் செய்த ஒரு முடிவு இந்தப் பதிலின் மையக் கருத்துக்கே சான்றாகிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் பொறுப்பேற்ற டோனி மௌப்ரே, கோல் வித்தியாசத்தால் மட்டுமே மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதைத் தடுக்க முடியாமல் போனார். பழைய வழக்கப்படி அவர் மறுநாளே போயிருக்க வேண்டும். வைத்துக்கொண்டார்கள், கால்பந்து முடிவுகளைப் பெரும்பாலும் அவரிடம் விட்டார்கள். மறு ஆண்டே 96 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்து அணி மேலே வந்தது. மௌப்ரே 2022 வரை, ஐந்து ஆண்டுக்கு மேல், இருந்தார். அந்தப் பொறுமை 2010இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் பிளாக்பர்ன் ரசிகரும் எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்.

ஆனால் பணமும் தொலைவும் மீண்டும் குறுக்கிட்டன. 2023 முதல், இந்தியாவில் அமலாக்கத் துறை தொடர்பான வழக்கொன்றின் காரணமாக, அணிக்குப் பணம் அனுப்ப உரிமையாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில், அணியின் இளையோர் பள்ளியில் வளர்ந்த ஆடம் வார்ட்டன் என்ற பத்தொன்பது வயது நடுக்கள வீரர் கிறிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டார். அதே கோடையில் இங்கிலாந்துத் தேசிய அணியில் இடம்பிடித்தார். அடுத்த பருவத்தில், ஜான் யூஸ்டஸ் என்ற மேலாளர், குறைந்த செலவில் சேர்த்த அணியை இரண்டாம் பிரிவின் முதல் ஆறு இடங்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். பிரிமியர் லீக் வாய்ப்பு மீண்டும் கண்ணில் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் அவர் விலகினார். போனது மேலிடத்து அணி எதற்கும் அல்ல. அப்போது தரமிறக்கப் பகுதியில் கிடந்த டார்பி கவுண்டிக்கு. அவர் போன அணி தப்பிப் பிழைத்தது. அவர் விட்டுவந்த பிளாக்பர்ன் ஏழாம் இடத்தில், தகுதியாட்டத்துக்கு ஓர் இடம் குறைவாக, பருவத்தை முடித்தது. ஜாக் வாக்கரின் சிலை அந்த மைதானத்தின் வெளியே இன்னும் நிற்கிறது.